வில் பிடித்த கையும் கண்ணாடி வளையலும்

"அந்தம்மா கையில இருக்கிற கண்ணாடிக் கடைய மொதல்ல கழட்டச் சொல்லுங்க. அப்பறம் பாடறேன்."

பாடகர் இதை என்னிடம் சொல்லவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி. நான் வலது காலை நீட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ஏழு மாத வயிற்றை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நான் மூச்சு வாங்குவதுகூட அவருக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் அவர் மேடைக்குக் கீழே நின்ற சபா செயலாளரைப் பார்த்துத்தான் சொன்னார்.

செயலாளரும் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த என் மாமியாரைப் பார்த்தார்.

மாமியார் எழுந்து மேடை ஓரமாக வந்தார். "அது வளைகாப்பு வளையலுங்க. கொயந்த பொறக்கற வரைக்கும் கயட்டக் கூடாது."

இப்படி மூன்று பேர் பேசிக்கொண்டார்கள். பேச்சு முழுக்க என் வலது கையைப் பற்றி. அந்தக் கைக்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள், அவள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் கடைசி. தீபம் முடிந்து திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வாரம். தேரடித் தெருப் பக்கம் ஒரு சத்திரத்துக் கூடத்தில் மாலை நாலு மணிக் கச்சேரி.

அதுவரை சபாவின் எல்லாக் கச்சேரிக்கும் வயலின் வேலூரிலிருந்துதான் வந்தது. நான் இசைக் கல்லூரியில் படித்துவிட்டு, கல்யாணமாகி, இதே ஊரில்தான் குடியிருந்தேன். இரண்டு வருஷமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆண் பாடகருக்குப் பெண் பக்கவாத்தியமா என்று கேட்டார்களாம். அந்த மாதம் வேலூர்க்காரருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் செயலாளருக்கு என் வீட்டு வழி தெரிந்தது.

இந்த ஒரு கச்சேரியை ஒழுங்காக வாசித்துவிட்டால் இனி இந்த ஊர்க் கச்சேரி எனக்கு என்று நினைத்தேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் இல்லை.

இறுக்கினால் விழும்

போன வாரம் வில் பிடிப்பதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஒரு குச்சியைப் பிடிப்பதில் அப்படி என்னம்மா இருக்கிறது? நன்றாக இறுக்கிப் பிடித்தால் விழாது. அவ்வளவுதானே?"

ஐயா, இறுக்கிப் பிடித்தால்தான் விழும்.

சுடச்சுடக் காபி இருக்கும் டம்ளரை நீங்கள் எப்படிப் பிடிப்பீர்கள்? விளிம்பில், விரல் நுனியால். இறுக்கினால் சுடும், விட்டால் கொட்டும். இறுக்காமல், விடாமல் பிடிக்கிறீர்கள் இல்லையா, வில்லும் அப்படித்தான். கட்டைவிரல் லேசாக மடங்கி அடியில் தாங்க வேண்டும். மற்ற விரல்கள் குச்சியின் மேல் தளர்வாகத் தொங்க வேண்டும். சுண்டுவிரல் வளைந்து, நுனியை மட்டும் குச்சியின் மேல் வைத்திருக்க வேண்டும்.

வீட்டு வேலையில் ஒரு பொருட்டாகவே மதிக்கப்படாத அந்தச் சுண்டுவிரல்தான் வில்லின் பாரத்தைச் சமன் செய்கிறது. அது சோர்ந்தால் கட்டைவிரல் பயந்துபோய் இறுக்கிப் பிடிக்கும். கட்டைவிரல் இறுகினால் மணிக்கட்டு மடங்காது. மணிக்கட்டு மடங்காவிட்டால் வில் தந்தியில் பாடாது, கிறீச்சிடும். அந்த ஒரு விரலைச் சரியாக வைக்க நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. ஆரணியில் அப்பா வீட்டில் அழுதேன், கல்லூரி விடுதியில் அழுதேன். கடைசியில் கை தானாகவே போய் உட்காரும் நாள் வந்தது.

அப்படி வாங்கிய கையை ஒரே மத்தியானத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் வளைகாப்பு.

சமையலறைக் கதவு

வளைகாப்பு தப்பு என்று நான் சொல்லவில்லை. பெண்கள் கூடி, வேப்பங்கொழுந்தை வளைத்து முதல் காப்பாகப் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசி, புளிசாதமும் எலுமிச்சை சாதமும் வயிறு முட்டப் போடுவது நல்ல விஷயம்தான். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு விஷயத்தைத் தவிர.

அந்த வளையல்களைச் சின்னக்கடைத் தெருவில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தவர் என் மாமியார். பச்சை எத்தனை, சிவப்பு எத்தனை என்று அவரே எண்ணிக் கோத்து வைத்தார். ஆனால் மாமனார் இறந்துவிட்டவர். அதனால் வளைகாப்பு அன்று அத்தை கூடத்துக்கு வரக் கூடாது. வளையல் போடக் கூடாது. வளையலை வாங்கியவர் அவர் என்று வெளியே தெரியவும் கூடாது. என் வீட்டுக்காரரின் அக்கா வாங்கினதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அத்தை சமையலறைக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருந்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து அழுத்தியபடி, "யாரு வாங்குனது இத? அளவே தெரியல, இந்தப் பிடி பிடிக்குது," என்றாள். அத்தைக்கு அது கேட்டது. முகம் சுருங்கியது. பதில் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அவர் வாங்கவே இல்லையே.

அளவு சரியாகத்தான் இருந்தது. என் கைதான் வீங்கியிருந்தது. அடுத்து வந்த நாட்களில் இன்னும் வீங்கியது.

மறுநாள் வயலினை எடுத்தேன். வில் நுனிப் பக்கம் போனால் வளையல் எல்லாம் சரிந்து மணிக்கட்டில் வந்து இடிக்கும். வில் திரும்பினால் முழங்கைப் பக்கம் ஓடும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு 'சலங்'. சரி, சத்தம்தானே என்று மேலே தள்ளி இறுக்கி வைத்தேன். ரத்த ஓட்டம் கட்டிப்போய்ச் சுண்டுவிரல் மரத்துவிட்டது. விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கட்டைவிரல் வழக்கம்போல் பயந்து இறுக்கியது. வில் கிறீச்சிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வில் என் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

"அத்தை, வலது கையில மட்டும் கழட்டிடறேனே," என்று கேட்டேன். "இடது கையில இருக்கட்டும்."

"வேணாம்மா. வளையல் சத்தம் கேட்டுத்தான் புள்ள உள்ள நிம்மதியா இருக்கும்."

"வயலின் சத்தமும்தான் கேக்குது அதுக்கு."

அத்தை அரிசி புடைப்பதை நிறுத்தினார். "எனக்கு மொதப் பேறு. நாத்து நடப் போனேன். சேத்துல வளையல் சிக்குதுன்னு கயட்டி வரப்புல வெச்சேன். அந்தப் புள்ள தங்கல," என்றார். பிறகு மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

பிள்ளை தங்காததற்கும் வரப்பில் வைத்த வளையலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணிடம், அதுவும் உன்னால்தான் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மாசமாக இருப்பவளை நாற்று நடச் சேற்றில் இறக்கியவர்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வளையல் மேல் பழி. நான் அத்தை மேல் கோபப்படவில்லை. சொன்னவர்கள் என் முன்னால் இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

ஆண்கள் சொன்ன யோசனை

என் வீட்டுக்காரர் ஏழுமலை கோர்ட்டில் டைப்பிஸ்ட். நல்ல மனுஷர். பிரச்சினையைச் சொன்னதும் மறுநாள் ஆபீஸிலிருந்து ஒரு கைப்பிடி ரப்பர் பேண்டு கொண்டு வந்தார்.

"வளையல எல்லாம் சேத்து ரப்பர் பேண்டு போட்டுடு. சத்தமே வராது."

"விரல் மரத்துப்போகுதுங்க. அதுக்கு மேல ரப்பர் பேண்டா?"

"கொஞ்சம் லூஸா போடேன்."

"லூஸா போட்டா சத்தம் வரும்."

அவர் யோசித்தார். "அப்ப கம்மியா வாசி," என்றார்.

நான் உள்ளே போய், வளைகாப்பில் மிஞ்சின வளையல்களைக் கொண்டுவந்து அவர் வலது கையில் ஏற்றினேன். அவர் கை ஒல்லி. முழங்கை வரை ஏறியது. "இப்ப டைப் அடிச்சிக் காட்டுங்க," என்றேன். அவர் மேஜை மேல் விரலால் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் சலங் சலங் என்றது. "சைக்கிள்ல பெல் வேணாம் போல," என்று சிரித்தார். சிரித்துவிட்டு அவசரமாகக் கழற்றினார், வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.

அதைக் கவனித்தேன். ஆம்பிளைக்குத் தைரியம் இல்லை என்றால் 'வளையல் போட்டுக்கிட்டு உக்காரு' என்கிறார்கள். அதே வளையலைக் கழற்றுகிறேன் என்று நான் சொன்னால் குலமே நடுங்குகிறது. போட்டால் கேவலம், கழற்றினால் அபசகுனம். இதை யோசித்து வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

பாடகர் கையையும் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுத மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த இதழை வாங்குகிறார்களாம், நன்றாக இருக்கட்டும். அவருடைய வலது கையில் தங்கத்தில் ஒரு சங்கிலி, மூன்று விரலில் மோதிரம். தொடையில் தாளம் போடும்போதெல்லாம் சங்கிலி கிணுங்கும். மைக் அதை அப்படியே வாங்கிக் கூடம் முழுக்கப் பரப்பும். அதைக் கழற்றச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பெயர் களை!

சகுனம்

இனி மேடைக்கு வருகிறேன்.

இடது கை வளையல்களை ஒரு துணியால் கட்டித்தான் கொண்டுபோயிருந்தேன், அதில் தொந்தரவில்லை. வலது மணிக்கட்டு மடங்க வேண்டும், துணி கட்ட முடியாது. சுருதி சேர்க்கும்போதே சலங் சலங் என்று கிளம்பிவிட்டது. அப்போதுதான் பாடகர் கண்ணாடிக் கடை என்றார்.

செயலாளர் அரிசி மண்டி வைத்திருந்தவர். பேரம் பேசிப் பழகினவர். "ஒண்ணு செய்யலாம். வயலின் முன்னாடி இருக்கிற மைக்க எடுத்துடலாம். சத்தம் கேக்காது," என்றார்.

வயலினும் கேட்காது என்பது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

"இல்லன்னா இந்தம்மா எறங்கிடட்டும். மிருதங்கம் மட்டும் வெச்சிப் பாடறேன்," என்றார் பாடகர்.

நான் வில்லைக் கீழே வைத்தேன். பயத்தினால் அல்ல, கோபத்தினால். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த வயிற்றோடு சட்டென்று எழுந்திருக்கவும் முடியாது.

அத்தை மட்டும் நகரவில்லை. "மைக்க எடுக்காதீங்க. அவ வாசிக்கறதக் கேக்கத்தான வந்துருக்குறோம்," என்றார். "வளையல் சத்தம் கொஞ்சம் வந்தா இன்னா இப்ப?"

அப்போது செயலாளர் அத்தையைப் பார்த்துச் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், பாடகர் முன்னால் இருந்த மைக் அதையும் விடவில்லை.

"கச்சேரி ஆரம்பிக்கிற நேரம். வெளக்கு எரியுது. நீங்க இந்தக் கோலத்துல மேடை கிட்ட வந்து நிக்கறதே சரியில்ல. பின்னாடி போய் ஒக்காருங்கம்மா."

அத்தை தன் வெறும் கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பின்னால் போகவில்லை. மேடையின் விளிம்பில் கை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"கைய நீட்டு."

"அத்தை?"

"நீட்டுன்றேன்."

நீட்டினேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, எலும்பு வலிக்க அழுத்தி, முதல் வளையலை இழுத்தார். வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர், "கோயில்ல வெளக்குக்கு வாங்குன எண்ணெ இருக்குது, தடவுங்க," என்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

"எண்ணெய் வேணாம்!" என்று கத்தினேன். விரலில் எண்ணெய் பட்டால் வில் நிற்காது. வில்லின் முடியில் பட்டால் அன்றைக்குக் கச்சேரியே இல்லை. அன்று அந்த மேடையில் நான் எல்லோருக்கும் கேட்கப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வயலின் பெட்டியில் கை வேர்வைக்காக ஒரு பவுடர் டப்பா வைத்திருப்பேன். அதைக் கொட்டித் தேய்த்தார். வளையல் ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றுகூட உடையவில்லை. உடைந்துவிடக் கூடாதே என்று அவர் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கடைசி வளையலையும் எடுத்து எல்லாவற்றையும் முந்தானையில் வாங்கிக்கொண்டார். செயலாளரைத் தாண்டிப்போய், எழுந்த அதே முன்வரிசையில், அதே இடத்தில் உட்கார்ந்தார்.

யார் கை?

வில்லை எடுத்தேன். சுண்டுவிரல் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. கட்டைவிரலுக்குப் பயம் போனது. விரல்களில் பவுடர் ஒட்டியிருந்தது, புடவையில் துடைத்துக்கொண்டேன். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது, கை திரும்பி வந்துவிட்டது என்று.

பாடகர் ஆலாபனை பாடி முடித்துவிட்டு, உன்னால் முடிந்ததைச் செய் என்பதுபோல் என் பக்கம் லேசாகத் தலையை ஆட்டினார். என் முறை. கோபத்தில் வாசித்தால் வில் அழுந்தும் என்று சொல்வார்கள். எனக்கு அன்று அழுந்தவில்லை. அத்தனை கோபமும் எங்கே போனது என்று தெரியாமல் வில் நீளமாக ஓடியது.

நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். அந்த இடைவெளியில், 'சலங்'.

பாடகர் வெடுக்கென்று என் கையைப் பார்த்தார். வெறும் கை. நான் வேண்டுமென்றே கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். அவர் மிருதங்கக்காரரைப் பார்த்தார். அவர் கைக்கடிகாரம்கூடக் கழற்றி முன்னால் வைக்கப்பட்டிருந்தது. பாடகர் தன் சங்கிலியைத் தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுபடி வாசித்தேன். மறுபடி சலங், சலங். முன்வரிசையிலிருந்து.

அத்தையின் வலது கை முந்தானைக்குள் இருந்தது. அத்தைக்குத் தாளம் தெரியாது. அதனால் தாளத்துக்கு அல்ல, நான் தனியாக வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கை அசைந்தது. பாடகர் பாடும்போது அசையவில்லை. அத்தையின் கண் என் முகத்தில் இல்லை, என் வயிற்றில் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைக்குச் சத்தம் கேட்க வேண்டும். என் கையிலிருந்து கேட்க முடியாவிட்டால் அவர் கையிலிருந்து கேட்கட்டும். அதற்காக, எத்தனையோ வருஷமாகத் தொடாததை, அத்தனை பேர் நடுவில், முந்தானைக்குள் ஒளித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

செயலாளர் கூடம் முழுக்க எட்டி எட்டிப் பார்த்தார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை.

கச்சேரி நன்றாக நடந்தது. பாடகர் போகும்போது மிருதங்கக்காரரிடம், "வயலின் பரவாயில்ல," என்று சொன்னதாகக் கேள்வி. என்னிடம் சொல்லவில்லை. அடுத்த கச்சேரிக்குக் கன்னம் வற்றிய வேலூர்க்காரரே வந்தார். "வீட்டு விவகாரம் மேடை வரைக்கும் வருது," என்று செயலாளர் ஏழுமலையிடம் காரணம் சொன்னாராம். அந்தச் சபாவில் நான் அடுத்த தடவை உட்காரச் செயலாளரே மாற வேண்டியிருந்தது.

பே கோபுரத் தெருவுக்கு முன்னால்

அன்று ஏழுமலை வயலின் பெட்டியோடு சைக்கிளில் முன்னால் போய்விட்டார். அத்தையும் நானும் ஜட்காவில் வந்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது. ஜட்கா குலுங்கும்போதெல்லாம் முந்தானைக்குள் சத்தம்.

எங்கள் வீடு பே கோபுரத் தெருவில். தெரு திரும்புவதற்கு முன்னால், "கொஞ்சம் நிறுத்துப்பா," என்றார் அத்தை. வண்டிக்காரர் நிறுத்திவிட்டுக் குதிரைக்குப் புல் எடுக்க இறங்கினார்.

அத்தை முந்தானையை விலக்கினார். பச்சையும் சிவப்புமாகக் கை நிறைய இருந்தது. அவருக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. அவசரமாகக் கழற்ற ஆரம்பித்தார். தெருவில் யாராவது பார்த்துவிடுவதற்குள் கழற்ற வேண்டுமே. கழற்றிக் கழற்றி என் மடியில் போட்டார், நான் போட்டுக்கொள்வதற்கு.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. காசு போட்டு வாங்கியவர், கோத்து வைத்தவர், அவமானப்பட்டவர், பிள்ளைக்காகக் கை ஓயாமல் ஆட்டியவர் இவர். இவர் ஒளித்துக் கழற்ற வேண்டும். கூடத்தில் என் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டுப் போனவர்கள் எல்லாம் யார்?

வளையல்களை அள்ளி அவர் கையிலேயே கொடுத்தேன். என் வலது கையை நீட்டினேன். "நீங்களே போடுங்க அத்தை."

"நான் போடக் கூடாதும்மா."

"போடுங்க."

வண்டிக்காரர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு என் கட்டைவிரலை மடக்கி, வலிக்காமல், முதல் வளையலை ஏற்றினார். ஒவ்வொன்றாக ஏற்றினார். கூடத்தில் யாரும் அவ்வளவு பதமாகப் போடவில்லை. கடைசி வளையலில் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தார்.

"அளவு தப்பா வாங்கலம்மா நானு," என்றார். "கடையில என் கையில போட்டுத்தான் பாத்தேன். கடைக்காரரு ஒண்ணும் சொல்லல."